கார்டிலியாவின் வயிற்றுக்குள் யார்?

அத்தியாயம் 9

"ஜேபஸ், உனக்குச் சொத்தைப்பல் இருக்கா?" என்று கேட்டார் காட்டரல்.

அப்போது நாங்கள் மில்வாலில், ஹார்க்னெஸ் கப்பல் பட்டறையின் வாசலில் கூட்டத்தோடு கூட்டமாக நசுங்கிக்கொண்டிருந்தோம். பாதி லண்டன் அங்கே வந்திருந்தது. கப்பலை ஆற்றில் இறக்குகிற நாளில் ஒரு துப்பறிவாளர் தன் உதவியாளனிடம் கேட்க ஆயிரம் கேள்விகள் உண்டு. இவருக்கு இதுதான் கிடைத்தது.

"இருக்கு சார். கீழ்வரிசை, இடது பக்கம். நீங்க சம்பளம் ஏத்தற அன்னைக்குப் பிடுங்கிக்கலாம்னு வெச்சிருக்கேன்."

"அப்ப ரொம்ப நாளைக்குப் பத்திரமா இருக்கும். நல்லது. இன்னைக்கு அதுக்கு வேலை இருக்கு."

எங்களுக்கு முன்னால் ஹெஸ்டர் ரட்ஜ் முழங்கையால் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போனாள். ஒல்லியான பெண்மணி. காலையில் எங்கள் ஆபீஸ் கதவைத் தட்டியபோது அவளுக்குக் குரலே இல்லை, வெறும் காற்றுதான் வந்தது.

அந்தக் காற்றில் அவள் சொன்னது இதுதான். அவள் கணவன் சைலஸ் ரட்ஜ், 'கார்டிலியா' கப்பலில் ரிவிட் தாங்குகிறவன். நேற்று சாயங்காலம் கப்பலின் அடியில் ஆள் இறங்கும் துளைகளில் கடைசி மூடியை மூடப் போனவன் வீட்டுக்குத் திரும்பவில்லை. கப்பலின் இரண்டு தோலுக்கும் நடுவே மாட்டிக்கொண்டிருக்கிறான்.

"விடியறதுக்குள்ள கப்பலடிக்கு ஓடினேன் ஐயா. இரும்புல வாயை வெச்சு, 'பொறுத்துக்கங்க, ஆளைக் கூட்டிட்டு வரேன்'னு கத்துகத்துனு கத்தினேன். தொண்டை போனதுதான் மிச்சம். மூணு மணிக்கு ஆத்துல தண்ணி ஏறும்போது கப்பலை இறக்கிடுவாங்க. அதுக்கப்புறம் அந்த அடித்தட்டுல நிலக்கரியைக் கொட்டிட்டா, உள்ள இருக்கிற உயிர் போச்சு."

இரண்டு தோல் என்றால் என்ன என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. என் அப்பாவும் ரிவிட் தாங்கியவர்தான். இந்தப் பூதாகாரக் கப்பல்களுக்கு வெளியே ஒரு இரும்புத்தோல், உள்ளே ஒரு இரும்புத்தோல். நடுவில் ஒருவன் தவழ்ந்து போகிற அளவுக்கு இடைவெளி. பழுக்கக் காய்ச்சிய ரிவிட் ஆணியை உள்ளிருந்து துளையில் செருகி, அதன் தலையில் கனத்த சம்மட்டியை முட்டுக் கொடுத்துக்கொண்டு ஒருவன் படுத்திருக்க, வெளியே இரண்டு பேர் மாறிமாறி அடித்து நசுக்குவார்கள். அடிக்கிற கோவில் மணிக்குள் தலையை விட்டுக்கொண்டு பத்து வருஷம் படுத்திருப்பது போன்ற வேலை அது. என் அப்பா கடைசி வரையில் என் பெயரை என் உதட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வரும்.

கப்பலுக்கு ஏறும் பலகைப் பாலத்தை மேஸ்திரி மெக்காஸ்கில் மறித்துக்கொண்டு நின்றான். சிவந்த தாடி, புதுத் தொப்பி.

"மறுபடியும் வந்துட்டியா?" என்றான் ஹெஸ்டரிடம். "சார், இந்தப் பட்டறையில ஒவ்வொரு கப்பல் இறங்கும்போதும் ஒருத்தி வந்து புருஷன் உள்ள மாட்டிக்கிட்டான்னு அழுவா. அவன் எங்கயாவது சாராயக்கடையில கவுந்து கிடப்பான். உள்ள போறவங்க கோட்டு மாட்டற ஆணியில சைலஸோட கோட்டு இல்லை. ஓடிட்டான். அவ்வளவுதான் கதை."

"கோட்டு இல்லைன்னா ஆள் ஓடிட்டார்னு அர்த்தமா?" என்றேன். "எனக்கும்தான் கோட்டு இல்லை. நான் ஓடவா செஞ்சேன்?"

"நீ ஓடினா நல்லா இருக்கும்."

அந்த நேரத்தில் முதலாளி ஹார்க்னெஸ் மேலேயிருந்து இறங்கி வந்தார். நல்ல மனிதர், ஆனால் அன்று அவர் முகத்தில் மனிதக்களை இல்லை. ஆறு வருஷம் கட்டிய கப்பல். போன மாதம் இறக்கப் பார்த்து அசையாமல் நின்று, பத்திரிகைக்காரர்கள் படம் போட்டுச் சிரித்திருந்தார்கள்.

"மேடையில ஒரு நாற்காலி காலியா இருக்கு மெக்காஸ்கில். சர்வேயர் லாசல்ஸ் எங்கப்பா? அவர் பார்த்து ஒப்புதல் சொல்ல வேண்டாமா?"

"காய்ச்சல்னு ஆள்கிட்ட சொல்லி அனுப்பினார் ஐயா. நேத்தே எல்லாத்தையும் பாத்துட்டாராம். திருப்திதானாம்."

காட்டரல் தொப்பியைக் கழற்றினார். "மிஸ்டர் ஹார்க்னெஸ், உங்க கப்பலுக்குள்ள ஒரு ஆள் இருக்கார்."

"ருசு?"

"பத்து நிமிஷம் கொடுங்க."

"கொடுக்கறேன். ருசு இல்லாம ஒரு ஆணியைக்கூட நான் கழட்ட மாட்டேன். இன்னைக்கு ஆத்துத் தண்ணி ஏத்தம் போச்சுன்னா அடுத்த பௌர்ணமி வரைக்கும் காத்திருக்கணும். அதுவரைக்கும் இந்தப் பட்டறை இருக்காது."

அடித்தட்டுக்கு இறங்கினோம். ஏணி மேல் ஏணி. கார்டிலியாவின் வயிற்றில் ஒரு தெருவையே வைக்கலாம். லாந்தர் வெளிச்சத்தில் கடைசி மூடி இருக்க வேண்டிய இடத்தைத் தேடினேன். அதன்மேல் நங்கூரச் சங்கிலி ஒரு குன்றாகக் குவிந்து கிடந்தது. ஒவ்வொரு வளையமும் ஒரு கன்றுக்குட்டி கனம் இருக்கும்.

"இதை எப்ப வெச்சீங்க?"

"காலையில மூடிகளைச் சரிபாக்கிற சுத்து முடிஞ்சதும். கப்பல் ஆடாம இருக்க பாரம் வேணுமில்ல?" என்றான் மெக்காஸ்கில்.

கீழே, வெளியே, நூற்றுக்கணக்கான சம்மட்டிகள் ஆப்புகளை அடித்துக்கொண்டிருந்தன. கப்பல் முழுவதும் அதிர்ந்தது. பேசுவதையே கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. இந்த இரைச்சலில் ஒருவர் உள்ளேயிருந்து கூவினால் அவருடைய காதுக்கே எட்டாது.

காட்டரல் ஒரு சுத்தியலின் மரக்காம்பை என்னிடம் நீட்டினார். "'மூன்று நங்கூரம்' சாராயக்கடையில பியானோ வாசிக்கும்போது உங்க ஆளுங்க என்ன செய்வாங்க?"

புரிந்துவிட்டது. எங்கள் பேட்டையில் காது போன ரிவிட்காரர்கள் பாட்டுக் கேட்க ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஒரு குச்சியின் ஒரு முனையைப் பியானோவின் மேல் ஊன்றி, மறு முனையைப் பல்லால் கடித்துக்கொள்வார்கள்; அதிர்வு எலும்பு வழியாக உள்ளே போய்விடும். சனிக்கிழமை சாயங்காலம் பத்துப் பேர் பியானோவைச் சுற்றிக் குச்சியைக் கடித்துக்கொண்டு கண்ணீர்விடுவதை வெளியூர்க்காரர்கள் பார்த்தால் பைத்தியக்கார ஆஸ்பத்திரி என்று நினைப்பார்கள்.

குப்புறப் படுத்துக் காம்பைத் தரையில் ஊன்றிச் சொத்தைப்பல்லில் கடித்தேன். உயிர் போகிற வலி. முதலில் ஆப்பு அடிக்கும் சத்தம் தாடையெல்லாம் பரவியது. பிறகு அதற்கு அடியில் வேறொன்று வந்தது. மெலிதாக மூன்று தட்டு. ஒரு நிறுத்தம். கனமாக மூன்று தட்டு. மறுபடியும் மெலிதாக.

எழுந்து உட்கார்ந்தேன். "சார், ஆள் இருக்கார்! உயிரோட இருக்கார்! ஒருதரம் மெதுவா தட்டறார், ஒருதரம் பலமா. கை மாத்தி மாத்தித் தட்டறார் போல."

"இரும்பு குளுந்தா சுருங்கும். அப்பத் தட்டற மாதிரிதான் கேக்கும்," என்றான் மெக்காஸ்கில். "ஐயா, ஏத்தம் நமக்காக நிக்காது."

ஹார்க்னெஸ் பட்டுத்தொப்பியைக் கழற்றி ஹெஸ்டர் கையில் கொடுத்தார். முழங்கால் போட்டார். நான் கடித்த அதே காம்பைத் துடைக்கக்கூட இல்லாமல் பல்லில் வைத்துக் குனிந்தார். சற்று நேரம் கழித்து நிமிர்ந்தபோது அவர் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"சங்கிலியைத் தூக்குங்க," என்றார். "இருக்கிற ஆள் அத்தனை பேரையும் வரச்சொல்லுங்க!"

நாற்பது பேர் வந்தார்கள். கப்பித் தூக்கி இறங்கியது. கயிறு முனகியது. நானும் தோள் கொடுத்தேன். தோளைவிட வாயைத்தான் அதிகம் கொடுத்தேன் என்று காட்டரல் பிறகு சொன்னார். ஹெஸ்டர் ஒரு மூலையில் முதலாளியின் தொப்பியைக் கசக்கிக்கொண்டு நின்றாள். மெக்காஸ்கில் ஏணிப் பக்கம் நகர்ந்தபோது காட்டரல் தற்செயலாகச் சாய்வதுபோல ஏணியை மறித்துச் சாய்ந்துகொண்டார்.

கடைசி வளையம் நகர்ந்தது. நட்டுகளைக் கழற்றி மூடியைப் புரட்டினார்கள். உள்ளேயிருந்து ஒரு கை வந்தது. பிறகு நரைத்த கிருதா. பிறகு கிழிந்து தொங்கும் நல்ல கம்பளிக் கோட்டு.

"லாசல்ஸ்!" என்று அலறினார் ஹார்க்னெஸ்.

காய்ச்சலில் கிடப்பதாகச் சொன்ன சர்வேயர், தரையில் உட்கார்ந்து மீன்போல வாயைத் திறந்து திறந்து மூடினார். ஒரு வாளித் தண்ணீரில் பாதியைக் குடித்தார், பாதியைத் தலையில் ஊற்றிக்கொண்டார்.

"உள்தோல் ரிவிட்டெல்லாம் பாத்தேன்... முப்பதுக்கு மேல விரிசல். மெழுகும் இரும்புத்தூளும் பிசைஞ்சு அடைச்சு வெச்சிருக்காங்க. அதைப் பாத்துட்டிருக்கும்போதே மேல இருந்து ஒரு லாந்தர் நீட்டினாங்க. கண்ணு கூசிடுச்சு, பிடிச்சவன் மூஞ்சி தெரியலை. 'இருப்பா, உள்ள நான் இருக்கேன்'னேன். லாந்தர் போயிடுச்சு. மூடி இறங்க ஆரம்பிச்சது. கத்தினேன். எவ்வளவோ கத்தினேன்! மூடியைப் பிடிச்ச கையைப் பாத்தேன். அந்தக் கையில ரெண்டு விரல் இல்லை."

"சைலஸ்!" என்றது ஒரு குரல். "சைலஸ் ரட்ஜ் கை அது!"

நாற்பது பேரும் ஹெஸ்டரைப் பார்த்தார்கள். நானும்தான் பார்த்தேன். புருஷன் உள்ளே இருக்கிறான் என்று அழுதவள். உள்ளே இருந்தது வேறு ஆள், மூடியது புருஷன்.

"பாத்தீங்களா!" என்று மெக்காஸ்கில் துள்ளினான். "ஓடிட்டான்னு நான் சொன்னேனா இல்லையா? கொலைகாரன்!"

"அம்மா," என்றார் காட்டரல், மிக நிதானமாக. "உள்ள இருக்கிறது உங்க வீட்டுக்காரர் இல்லைன்னு எனக்குக் காலையிலேயே தெரியும்."

ஹெஸ்டர் நிமிர்ந்தாள்.

"ரிவிட் தாங்கறவங்க யாருக்கும் காது கிடையாது. இருபது வருஷம் குடித்தனம் பண்ணின பெண்சாதி, டமாரச் செவிடான புருஷன்கிட்ட இரும்புல வாயை வெச்சுத் தொண்டை கிழியக் கத்துவாளா? நீங்க கத்தினது காது கேக்கிற ஒருத்தருக்கு. 'பொறுத்துக்கங்க'ன்னு சொன்னதும் அவருக்குத்தான்."

எனக்கு என்னையே உதைத்துக்கொள்ளலாம் போலிருந்தது. செவிடர் வீட்டில் பிறந்து வளர்ந்தவன் நான்.

"ஆமா ஐயா," என்றாள் அவள், கொஞ்சம் திரும்பி வந்திருந்த கரகரத்த குரலில். "கடைசி நட்டை முறுக்கும்போது ஸ்பேனர் வழியா உள்ள தட்டறது அவர் கைக்குத் தெரிஞ்சிருக்கு. திறக்கப் போயிருக்கார். இந்த மேஸ்திரி தடுத்து, சைலஸ் கழுத்துல ரெண்டு கையையும் சுத்திக் காமிச்சான். தூக்குக் கயிறு! உள்ள இருக்கிறது சர்வேயர், முறுக்கினது உன் கை, தொங்கப்போறது நீ, செவிடன் பேச்சை எவன் நம்புவான்னு. வீட்டுக்கு வந்து அழுதார். சர்வேயர் உள்ள இருக்கார்னு நான் சொன்னா என் புருஷனைத் தூக்குல போடுவாங்க. சொல்லலைன்னா அந்த ஐயா செத்துடுவார், அப்பவும் போடுவாங்க. என் புருஷன் உள்ள இருக்கார்னு அழறதுக்கு மட்டும்தான் எனக்கு உரிமை இருந்துச்சு. அதான் அழுதேன்."

"கதை!" என்றான் மெக்காஸ்கில். "நான் அந்த மூடிப் பக்கமே போகலை."

"ஜேபஸ், மூடியைத் திருப்பு."

திருப்பினேன். சங்கிலி உரசிப் பாதி அழிந்திருந்தாலும், சுண்ணக்கட்டியால் போட்ட முக்கோணமும் அதற்குள் ஒரு புள்ளியும் தெரிந்தன. அங்கே இருந்த எவருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. காது கேட்காதவன் பொறுப்பில் மூடியை விடுவதில்லை என்பது பட்டறைச் சட்டம். காது கேட்கிற மேஸ்திரி லாந்தரை உள்ளே நீட்டி, குரல் கொடுத்து, பதில் இல்லை என்று தெரிந்த பிறகு மூடியின் மேல் தன் குறியைப் போடவேண்டும். குறி விழாமல் எந்த ரிவிட்காரனும் ஸ்பேனரைத் தொடமாட்டான். அந்த முக்கோணம் மெக்காஸ்கிலின் குறி.

"குறி போடலைன்னா சைலஸ் முறுக்கியிருக்க மாட்டார்," என்றார் காட்டரல். "அழிச்சிருந்தா, காலைச் சுத்துல குறி இல்லாத மூடின்னு திறந்து பாத்திருப்பாங்க. அதனால சுத்து முடியற வரைக்கும் விட்டுவெச்சு, அப்புறம் மேல சங்கிலியைக் கொட்டினே. மிஸ்டர் லாசல்ஸ் கத்தினதைக் கேக்க அங்க ஒரே ஒரு ஜோடிக் காதுதான் இருந்துச்சு மெக்காஸ்கில். அது உன்னோடது. நீ மெழுகால அடைச்ச விரிசலை அவர் வெளிய வந்து சொல்லிடக்கூடாதுன்னுதானே மூடினே?"

நாற்பது பேரும் அவனைத் தூக்கிக்கொண்டு ஏணியில் ஏறினார்கள். படிகளில் அவன் தலை எத்தனை இடத்தில் இடித்தது என்று நான் கவனிக்கவில்லை.

ஹார்க்னெஸ் சர்வேயரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஆறு வருஷம் இருந்தது.

"வெளித்தோல் நல்லா இருக்கு," என்றார் லாசல்ஸ். "மிதக்கட்டும். உள்தோலைச் சரிபண்ணாம கடலுக்கு விடமாட்டேன். போங்க, ஏத்தம் இன்னும் நிக்குது." பிறகு ஏதோ நினைவு வந்தவராகச் சொன்னார். "யாரோ ராத்திரி பூரா எனக்குப் பதில் தட்டிக்கிட்டே இருந்தாங்க. அது இல்லைன்னா எனக்குப் புத்தி பேதலிச்சிருக்கும். யாருன்னு விசாரிக்கணும்."

இருவரும் மேலே போனார்கள். சிறிது நேரத்தில் மேளம் கொட்ட ஆரம்பித்தது. கடைசி முட்டுகளைத் தட்டப் போகிறார்கள் என்று அர்த்தம்.

அடித்தட்டில் நாங்கள் மூவரும்தான். நான் காம்பைப் பல்லில் வைத்துக்கொண்டு, "இந்தப் பல்லுக்கு ஒரு பதக்கம் கேக்கணும் சார்," என்று விளையாட்டாகத் தரையில் ஊன்றினேன்.

மூன்று தட்டு. கனமாக. நிறுத்தம். மறுபடி மூன்று.

உள்ளே இருந்தவர் வெளியே வந்தாயிற்று. தட்டல் நிற்கவில்லை.

"சார்... இன்னும் தட்டறாங்க."

காட்டரல் சட்டென்று ஹெஸ்டர் பக்கம் திரும்பினார். அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"சைலஸ்! 'அந்த ஐயாவை வெளிய எடுக்கிற வரைக்கும் நான் கப்பலடியில இருந்து தட்டிக்கிட்டே இருப்பேன், நின்னா அவர் மனசு விட்டுடுவார்'னு சொல்லிட்டுப் போனார். ஐயா வெளிய வந்தது அவருக்கு எப்படித் தெரியும்? நான் மறந்துட்டேனே! இவங்க கூச்சல்ல நான் மறந்துட்டேனே!"

கப்பலடி என்றால் கப்பலைத் தாங்கும் முட்டுகளும் தொட்டில்கட்டைகளும் காடாக நிற்கிற இருட்டு. கப்பல் நகர்ந்தால் அங்கே ஓர் எலிகூட மிஞ்சாது. ஆளுக்கோ மேளமும் கேட்காது, ஊதலும் கேட்காது.

"நிறுத்தச் சொல்றேன்!" என்று காட்டரல் ஏணியில் பாய்ந்தார். அவர் ஓடி நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். ஆனால் ஏணி மேல் ஏணி. எனக்குக் கணக்குத் தெரியும். அவர் போய்ச் சேரமாட்டார்.

ஹெஸ்டர் கீழே கிடந்த சம்மட்டியைப் பிடுங்கினாள். அது அவள் இடுப்பளவு இருந்தது. தரையில் ஓங்கி அடித்தாள். வேகமாக இரண்டு, விட்டு ஒன்று. வேகமாக இரண்டு, விட்டு ஒன்று.

"என்னம்மா கணக்கு இது?"

"தினமும் விளக்குமாத்துக் கட்டையால வீட்டுத் தரையில தட்டிக் கூப்பிடுவேன். நான் தட்டறது அவருக்குத் தெரியும். இது உள்ள இருந்து வந்தா மூடி திறந்தாச்சுன்னு புரியும். அடி தம்பி, நீயும் அடி!"

சுத்தியலை எடுத்து நானும் அடித்தேன். வேகமாக இரண்டு, விட்டு ஒன்று. உள்ளங்கை தோல் உரிந்தது. ஒரு கட்டத்தில் அவள் கையைப் பிடித்து நிறுத்திவிட்டுக் காம்பைக் கடித்துக் கேட்டேன்.

ஒன்றும் இல்லை.

தட்டல் நின்றிருந்தது. கேட்டுத்தான் நின்றதா, வேறு காரணமா, யாருக்குத் தெரியும்? வாயைத் திறப்பதற்குள் எங்கள் காலடியில் கார்டிலியா ஒருமுறை சிலிர்த்தது. லாந்தர் சரிந்து உருண்டது. மேலே ஆயிரக்கணக்கான தொண்டைகள் சேர்ந்து கத்தின. கப்பல் போய்க்கொண்டிருந்தது.

எப்படி மேலே ஏறினோம் என்று எனக்கு நினைவில்லை. அவளை முன்னால் தள்ளிக்கொண்டே ஏறினேன். மேல்தளத்தில் காட்டரல் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தொப்பி இல்லாமல், மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். எங்களைப் பார்த்துத் தலையை ஆட்டினார். ஒரு நொடி தாமதம் என்றார். அவர் கண்ணில் தண்ணீர் இருந்தது. அதையும் நான் அன்றுதான் பார்த்தேன்.

கரை எங்களைவிட்டு விலகிக்கொண்டிருந்தது. சறுக்குத்தளத்தில் உரசிய கொழுப்பு புகைந்தது. புகைக்குள் உடைந்த கட்டைகள் குவிந்து கிடந்தன. ஹெஸ்டர் கம்பியில் வயிற்றை அழுத்திக் குனிந்து பார்த்தாள். நான் அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டேன், குதித்துவிடுவாளோ என்று பயம்.

புகை மெல்ல ஒருபக்கம் ஒதுங்கியது. சறுக்குத்தளத்தின் ஓரத்தில், கரியும் கொழுப்பும் பூசிய ஓர் ஆள் நின்றுகொண்டிருந்தான். ஒரு கையில் சம்மட்டி. இன்னொரு கையை, இரண்டு விரல் இல்லாத கையை, நெற்றிக்கு மேல் வைத்துக் கப்பலின் மேல்தளத்தில் எங்களைத் தேடிக்கொண்டிருந்தான்.

ஹெஸ்டர் பேச வாயைத் திறந்தாள். மறுபடியும் வெறும் காற்றுதான் வந்தது. தளத்திலேயே உட்கார்ந்து, முகத்தைத் துணியில் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். நான் காதைக் கிட்டே கொண்டுபோனேன்.

"வேற எதுக்குக் கூப்பிட்டாலும் அசையமாட்டார் தம்பி," என்றாள். "இந்தத் தட்டு தட்டிச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டா மட்டும் ஒருநாளும் காக்கவெச்சதில்லை, அந்த மனுஷன்."